மூன்றாம் மாடிக் கூலி

ஜூலை 20, ஞாயிறு

ஒருவழியாகக் கட்டில் வாங்கியாயிற்று. நாயகியின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, இனிமேல் தரையில் படுக்கவே கூடாது என்று எலும்பு டாக்டர் சொன்னது தை மாதத்தில். அன்றே ஓடிப் போய் வாங்கியிருந்தால் முப்பத்திரண்டாயிரம். நான் அவசரப்படவில்லை. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்தேன். அதே கட்டில், அதே தேக்கு, இன்று இருபத்துநாலாயிரம். கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பது வருஷம் கொள்முதல் பார்த்தவன் நான். என்னிடம் விலை சொல்லும்போது ஆட்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

சாலை ரோட்டில் உள்ள கடை. மேனேஜர் பெயர் முபாரக். முப்பது வயதிருக்கும், மரியாதை தெரிந்தவர். "ஆடி ஆஃபர்ல டெலிவரி ஃப்ரீ சார். எத்தனாவது மாடியா இருந்தாலும் ஏத்தி, பொருத்திக் குடுத்துட்டுத்தான் ஆளுங்க வருவாங்க" என்றார். உறையூரில் எங்கள் வாடகை வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நாளைக் காலை வந்துவிடும்.

நாயகி கடைக்கு வரவில்லை. படி இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே என்றாள். கட்டிலின் படத்தை போனில் காட்டினேன். "உசரம் எவ்வளவுங்க? காலைத் தொங்கப் போட்டு எந்திரிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டாயிரம் மிச்சம் என்று நானாகத்தான் சொன்னேன்.

ஜூலை 21, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாகக் கும்பகோணத்திலிருந்து மரகதம் அக்காவின் போன். கட்டில் வாங்கிய பெருமையை நேற்றே அவளிடம் அளந்திருந்தேன். அது என் தப்பு.

"ஏன்டா தம்பி, ஆடி மாசத்துல யாராவது கட்டிலை வீட்டுக்குள்ள கொண்டு வருவாங்களா?"

"ஆடியிலதானக்கா தள்ளுபடி போடுறான்."

"வாங்குறது வேற, வீட்டுக்குள்ள வர்றது வேற. பணத்தைக் கட்டிட்டேல்ல, கடையிலயே கிடக்கட்டும். ஆவணி பொறந்ததும் எறக்கிக்க. ஆடியில கட்டில் வந்தா புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சு போவீங்கடா."

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். இனிமேல் பிரிந்து எங்கே போவது? ஆனாலும் அக்கா பேச்சை நான் தட்டியதில்லை. கடைக்குப் போன் செய்தேன். "வண்டியில ஏத்தியாச்சே சார்" என்று முபாரக் இழுத்தார். இறக்கச் சொன்னேன்.

நாயகி அடுப்படியில் சப்பாத்திப் பலகையைப் பிடித்தபடி நின்றாள். "எனக்கு அந்த மாதிரி நெனப்பெல்லாம் இல்லங்க. வர்றது வரட்டுமே" என்றாள். அக்கா சொல்கிறாள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மாவை உருட்டத் தொடங்கினாள். நாலு வாரம்தானே. ஆறு மாதம் இருந்தவளுக்கு நாலு வாரம் ஒரு பொருட்டா?

ஜூலை 25, வெள்ளி

சிலிண்டர் மாற்றியாயிற்று. தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் ஒரு குறை. பீரோவின் கைப்பிடி ஆட்டம் கண்டிருக்கிறது. திறந்து மூடுவதற்கு இருக்கிற கைப்பிடியை யார் இந்த இழு இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதுவும் கீழ்ப்பக்கமாக இழுத்தது போல ஸ்க்ரூ சாய்ந்திருக்கிறது. முறுக்கிவிட்டேன்.

இதே கட்டடத்தில் கீழ்வீடு காலியாகியிருக்கிறது. எங்களிடம் வாங்குவதைவிட வாடகை ஆயிரத்து ஐந்நூறு கூடுதல். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமாங்க?" என்று நாயகி கேட்டாள். கீழ்வீடு என்றால் கொசு, சாக்கடை, தெருப் புழுதி, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறவள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் செய்து தூக்கில் கட்டிக் கொடுத்தாள். நான் மட்டும் காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துக்குப் போனேன். வருஷா வருஷம் ஆற்றில் விளக்கு விடாமல் அவள் இருந்ததில்லை. இந்தத் தடவை, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். கூட்டம் தாங்கவில்லை. ஆட்டோக்காரன் இரட்டை வாடகை கேட்டான். நடந்தே பாலத்தைத் தாண்டினேன்.

திரும்பி வந்தபோது பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து ஆறு தெரியாது. கீழ்வீட்டு வாசல்தான் தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி

கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது என்னுடைய ஒற்றைக் கட்டில், எனக்கு முதுகெலும்பில் தட்டு விலகிய வருஷம் வாங்கியது. காலைத் தொங்கவிட்டால் கீழே அவள் பாயில் படுகிறது, அதனால் சம்மணம் போட வேண்டியிருக்கிறது. அது முதுகுக்குச் சிரமம்.

நான் இறங்கிப் படுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். "உங்க முதுகுக்கு ஆகாது" என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தினால் நன்றாயிருக்காது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. பிறந்தவுடனே எரிச்சலையும் கொண்டுவந்துவிட்டது.

கடை திறந்ததும் முபாரக்குக்குப் போன். "கட்டிலை அனுப்பிடலாம் சார். டெலிவரி சார்ஜ் நாலாயிரம் ஆகும்" என்கிறார். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ஃப்ரீன்னு சொன்னீங்களே தம்பி?"

"அது ஆடி ஆஃபர் சார். ஆஃபர் நேத்தோட முடிஞ்சிடுச்சு. அன்னிக்கே வண்டியில ஏத்தினோம், நீங்கதான் எறக்கச் சொன்னீங்க."

நாலாயிரம். கட்டில் விலையில் ஆறில் ஒரு பங்கு. மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு. பண்டகசாலையில் தஞ்சாவூரிலிருந்து ஒரு லாரி அரிசியை இதைவிடக் குறைந்த கூலிக்கு இறக்கியிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முந்தைய கதைதான், இருக்கட்டுமே. இந்த டெலிவரி சார்ஜ் என்பதே ஏமாற்று. விலையில் குறைக்கிற மாதிரி குறைத்துக் கூலியில் பிடுங்கிக்கொள்கிறார்கள். நாலாயிரம் கொடுத்தால் நான் ஆறு மாதம் காத்திருந்து மிச்சம் பிடித்ததில் பாதி அவன் பைக்குப் போய்விடும். அப்புறம் நான் காத்திருந்ததற்கு என்ன அர்த்தம்?

அக்காவிடம் சொல்லலாம் என்று போன் செய்தேன். பேச்சுவாக்கில், போன வாரம் வீட்டுக்குப் புது சோபா வந்திருப்பதாகச் சொன்னாள். ஆடியில்தானே வந்தது என்று கேட்டேன். "அது சோபாடா, கட்டிலா என்ன?" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேரிலேயே போனேன். என் கட்டிலைக் கடைக்கு நடுவில் போட்டு வைத்திருக்கிறார்கள். 'விற்கப்பட்டது' என்று ஓர் அட்டை. அப்படியும் யாரோ ஒரு அம்மாள் அதில் உட்கார்ந்து, காலை ஆட்டி, உயரம் சரியாக இருக்கிறது என்று தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முபாரக் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. பிறகு ஆறிப் போகிறதே என்று குடித்தேன்.

"மூணாவது மாடிக்கு நாலு ஆளு வேணும் சார். வண்டி, ஏத்துக்கூலி, அங்க வந்து பொருத்துறதுக்கு ஃபிட்டர். வழியில ஒரு கீறல் விழுந்தாலும் நாங்க மாத்திக் குடுப்போம். எல்லாம் சேத்துத்தான்."

"ரெண்டாயிரம்."

"கட்டாது சார். உங்களுக்காக மூவாயிரத்து ஐந்நூறு. ஒரு மாசம் எடத்தை அடைச்சுக்கிட்டு நின்னதுக்கு நாங்க எதுவும் கேக்கல."

ரெண்டாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இப்படி எழுந்து நடந்தால் வாசல் தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள். அது கொள்முதல் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்று செருப்பை மெதுவாகவே மாட்டினேன். கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து நாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாயிரம் மிச்சம் பிடித்த கட்டில் இது என்பதை அவன் மறந்துவிட்டான் என்றேன்.

"கடையில கெடக்குற கட்டில்ல யாருங்க படுக்குறது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஓசூரிலிருந்து மகள் வினோதினி போன். அம்மா சொல்லியிருக்கிறாள் போல. "அப்பா, நான் பணம் அனுப்பிடறேன்பா. நாளைக்கே எறக்கச் சொல்லுங்க" என்கிறாள். என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? நாலாயிரம் ரூபாய்க்கு வழியில்லாதவனா நான்? பென்ஷன் வருகிறது, வங்கியில் இருக்கிறது. பணம் இல்லாத குறை இல்லை இது. கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால் இவர்களை யார் கேட்பது?

"அப்பா, அம்மா காலையில எந்திரிக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டாள். பால் வாங்கப் போயிருப்பேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பால் வாங்கி வந்தபோது நாயகி தரையில் உட்கார்ந்திருந்தாள். பீரோ கைப்பிடி அவள் கையில் இருந்தது. எழும்போது அது கழன்று கையோடு வந்துவிட்டதாம். இடுப்பு தரையில் பட உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். ஒன்றும் இல்லை என்கிறாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். "நீங்க போனதுலேர்ந்து" என்றாள். இன்றைக்குப் பார்த்துப் பால் பூத்தில் வரிசை.

புதுக் கைப்பிடி நூற்றெண்பது ரூபாய் சொல்கிறான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். கடை வண்டி எதற்கு? குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிற சகாயராஜ் என்பவரை மார்க்கெட்டில் பிடித்தேன். மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார். இரண்டு பேருக்கும் வண்டிக்கும் சேர்த்து எண்ணூறு. கடையிலிருந்து வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை.

இன்னொன்றும் யோசித்து வைத்திருக்கிறேன். பொருத்துவதற்குத் தனியாக ஃபிட்டர் வரவேண்டும் என்பார்கள், அதற்கு ஐந்நூறு. கடையில்தான் பொருத்தி நிறுத்தி வைத்திருக்கிறார்களே. அதை அப்படியே தூக்கி வண்டியில் வைத்தால் போகிறது.

நாயகியிடம் ஞாயிற்றுக்கிழமை கட்டில் வந்துவிடும் என்றேன். முகம் மலர்ந்தது. இலவம்பஞ்சு மெத்தையை எடுத்து வெயிலில் போடச் சொன்னாள். போட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் கடைக்குப் போனோம். கட்டிலைப் பொருத்தியபடியே எடுத்துப் போகிறேன் என்றதும் முபாரக் பதறினார். "கழட்டித் தர்றேன் சார், அதுக்குக் காசு வேணாம். அப்படியே கொண்டுபோனா படியில திரும்பாது." எங்கள் வீட்டுப் படி எனக்குத் தெரியும் என்றேன். கழற்றிக் கொடுத்தால் அதை மறுபடி பொருத்த ஃபிட்டருக்கு நான்தானே அழ வேண்டும்? கடை ஆட்கள் தூக்கி வைத்தார்கள். வண்டியில் கட்டில் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. கயிறு போட்டுக் கட்டினார் சகாயராஜ். தெருவெல்லாம் பார்க்க ஊர்வலமாக வந்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் மாடி வரை வந்தது. திருப்பத்தில் தலைமாட்டுப் பலகை சுவரில் முட்டி நின்றது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், தலைகீழாகப் புரட்டினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். முதுகில் சுரீர் என்றது. சுவரில் ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்தது. கடைசியில் சகாயராஜ் கட்டிலைக் கீழே இறக்கி, பைக்குகள் நிற்கும் இடத்தில் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"எங்க பேச்சு கொண்டாந்து சேக்குற வரைக்கும்தான் சார். இதைக் கழட்டாம மேல ஏத்த முடியாது. கழட்டுற சாமான் எங்ககிட்ட இல்ல. ஃபிட்டரைக் கூப்பிடுங்க."

ஃபிட்டர் என்றால் முபாரக். முபாரக் என்றால் மறுபடி கூலி. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாயகி இறங்கி வந்தாள். மேலே யாரும் வராததைப் பார்த்து, ஆட்களுக்கு மோர் கரைத்துச் சொம்பில் எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, மூன்று மாடியும் இறங்கியிருக்கிறாள். டம்ளர்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தாள். பலகையைத் தடவினாள். உட்கார்ந்தாள். கால் சரியாகத் தரையில் ஊன்றியது. கையை ஊன்றாமல் ஒரு தடவை எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மெத்தைகூட இல்லாத வெறும் பலகை, பைக்குகளுக்கு நடுவில். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்துப் பல மாதம் இருக்கும்.

"சரி, நீ மேல போ. நான் ஆள் பாத்து ஏத்திடறேன்" என்றேன்.

முதல் படியில் காலை வைத்தாள். இரண்டாம் படி. மூன்றாம் படியில் நின்றுவிட்டாள். திரும்பி வந்து மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். "முடியலைங்க" என்றாள்.

கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ஏறலாம் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முதுகு புடிச்ச அன்னிக்குச் சாயந்தரமே கட்டில் வந்துச்சுல்ல?"

"ஆமா."

"இதே மூணாவது மாடிக்குத்தான் வந்துச்சு. கூலி எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. நான் அன்றைக்கு வலியில் சுருண்டு கிடந்தேன்.

"எனக்கும் தெரியாது. நான் கேக்கவே இல்ல. ஏத்துங்கப்பான்னேன், கேட்டதைக் குடுத்தேன்."

சகாயராஜும் மச்சானும் மோரைக் குடித்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாயகி என் கையிலிருந்த போனை வாங்கினாள். லால்குடியில் இருக்கும் தன் தம்பி குணசேகரனைக் கூப்பிட்டு, "நான் வர்றேன்டா. கீழ் ரூமைக் கூட்டி வை" என்றாள். பிறகு சகாயராஜைப் பார்த்து, "லால்குடிக்கு எவ்வளவுப்பா?" என்றாள்.

"உங்களுக்கு மட்டுமாம்மா?"

"எனக்கும் கட்டிலுக்கும்."

"ஆயிரத்து ஐந்நூறு ஆகும்மா."

ஆயிரத்துக்கே வருவார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் "சரி, ஏத்துங்க" என்றுவிட்டாள்.

மாத்திரை டப்பாவும் நாலு சேலையும் எடுத்து வரச் சொன்னாள். மேலே ஏறி எடுத்து வந்தேன். மூக்குக்கண்ணாடி என்றாள். மறுபடி ஏறினேன். இந்தப் படிகள் சாதாரண உயரம் இல்லை. கட்டியவன் சரியில்லை. இரண்டாம் தடவை இறங்கும்போது எனக்கே தொடை நடுங்கியது.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் கட்டில். "பருப்பு ஊற வச்சிருக்கேன். வீணாக்கிடாதீங்க" என்றாள். வண்டி போய்விட்டது. கீழ்வீட்டு வாசலில் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பெயர்ந்த சுண்ணாம்புக்கு நான் பணம் கட்ட வேண்டும் என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பால் பொங்கி அடுப்பு முழுதும் வழிந்தது. ஊற வைத்த பருப்பு புளித்துவிட்டது.

அக்கா போன் செய்தாள். "கட்டில் ஆவணியிலதான வந்துச்சு? நான் சொன்ன மாதிரி செஞ்சேல்ல?" செய்தேன் என்றேன். "நாயகி கிட்ட குடு" என்றாள். அவள் குளிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ரத்தக்கொதிப்பு மாத்திரை கை தவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து தேடினேன். பாய் மடித்து வைத்த இடத்தில் கிடந்தது. எடுத்தேன். எழ முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்துக்கொண்டு எழ எதையாவது தேடினேன். கை தானாகப் பீரோ பக்கம் போனது. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லாததால் கூப்பிடவும் தோன்றவில்லை. அவள் இருந்தபோது, காலையில் நான் பால் வாங்கப் போயிருக்கும்போது, யாரைக் கூப்பிட்டிருப்பாள்?

அழுகை வந்தது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லால்குடிக்குப் பஸ் ஏறினேன். கடையில் கொழுக்கட்டை வாங்கிக்கொண்டேன். சுமாராகத்தான் இருந்தது.

குணசேகரன் வீட்டில் அவள் இல்லை. எங்கே என்று கேட்டால், "அக்கா கோயிலுக்குப் போயிருக்கு மாமா" என்கிறான். கோயில் தெருக்கோடியில். தானாக நடந்து போயிருக்கிறாள். சித்திரைக்குப் பிறகு அவள் டாக்டர் வீட்டைத் தவிர எங்கும் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீழ் அறையில் என் கட்டில் இருந்தது. அவள் கட்டில். குணசேகரன் வீட்டு மெத்தை விரித்து, போர்வை மடித்து, தலையணைப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி. நான் அதில் உட்காரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தட்டில் அருகம்புல்லோடு வந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள், ஆனால் சுவரைப் பிடிக்கவில்லை. "முதுகு புடிச்சிருக்கா?" என்றாள், நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும். ஆமாம் என்றேன். தைலத்தை எடுத்து வந்து கொடுத்தாள். தேய்த்துவிடவில்லை.

"தூக்கம் வருதா?"

"ஏழு மணி வரைக்கும் தூங்குறேங்க. வெக்கமா இருக்கு."

எப்போது வருகிறாய் என்று கேட்டேன். நாலாயிரம் கேட்டாலும் ஐயாயிரம் கேட்டாலும் கொடுத்துக் கட்டிலை மேலே ஏற்றிவிடுகிறேன், முபாரக்கிடம் இன்றைக்கே பேசுகிறேன் என்றேன். நான் இதைச் சொல்வதற்கு எவ்வளவு இறங்கி வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கட்டில் ஏறிடும். நான் எப்படி ஏறுறது?" என்றாள்.

அவள் செய்த கொழுக்கட்டையை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் வீட்டுக்காரரிடம் கீழ்வீட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். சாக்கடை நாற்றம் இல்லை. கொசு இருக்கிறது, வலை அடித்துக்கொள்ளலாம். வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் அரையடி. வாடகையில் ஐந்நூறு குறைக்கச் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். பெயர்ந்த சுண்ணாம்புக்கும் சேர்த்து.

பிறகு முபாரக்குக்குப் போன்.

"சொல்லுங்க சார்" என்றார், கொஞ்சம் எச்சரிக்கையாக.

"தம்பி, கட்டிலை விடுங்க. எங்க வீட்டுச் சாமான் மொத்தத்தையும் மூணாவது மாடியிலேர்ந்து கீழ எறக்கணும். பீரோ, ஃப்ரிட்ஜ், பாத்திரம், என் கட்டில், எல்லாம். உங்க ஆளுங்க வருவாங்களா?"

"ஞாயித்துக்கிழமை வெளி வேலைக்கு வருவாங்க சார். ஆனா எறக்குறதுன்னாலும் மூணு மாடி. ஆறு ஆளு வேணும். ஏழாயிரம் ஆகும்."

"சரி."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"சார்," என்றார் கடைசியில், "பேசுறது அம்பலவாணன் சார்தானே?"

நான்தான் என்றேன். பீரோவுக்குக் கீழ்ப்பக்கமாக இழுத்தாலும் கழலாத கைப்பிடி ஒன்றும் போட வேண்டும், ஃபிட்டரையும் அனுப்புங்கள் என்றேன்.

மாலையில் லால்குடிக்குப் பேசினேன். கீழ்வீட்டைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அடுப்படி எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டாள். கிழக்கு என்றேன். "குழாய்ல தண்ணி வருதான்னு பாத்தீங்களா?" பார்த்தேன், வருகிறது என்றேன். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள்.

சகாயராஜை நான் அனுப்புகிறேன், போன தடவை ஆயிரத்து ஐந்நூறு வாங்கினான், கட்டிலோடு சேர்த்து ஆயிரத்து இருநூறுக்கு முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"வண்டிக்கு நான் பேசிக்கிறேன்," என்றாள். "நீங்க வாசல்ல நில்லுங்க, போதும்."

சரி என்றேன்.